மங்கையர்க்கரசிக்கு நிலுவை இல்லை

ஆறு வருடங்களாகத் தன் பெயரை ஒருவரும் தப்பாக எழுதவில்லை என்பதில் மங்கையர்க்கரசிக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. அது தானாக வந்த மரியாதை இல்லை. சண்டை போட்டு வாங்கியது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் கடலுக்குள்ளே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று தூண்களின் மேல் நிற்கிறது. 2068-ல் அங்கே சோதனைப் பிரிவு அதிகாரியாக அவள் வேலைக்குச் சேர்ந்தாள். உப்பைப் பிரிக்கும் வடிகட்டிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. சேர்ந்த முதல் வாரமே பதினேழு கடிதங்கள் வந்தன. ஒன்றில்கூட அவள் பெயர் உருப்படியாக இல்லை. பாதிப் பேர் நடுவில் இருக்கும் ‘க்’கை விழுங்கிவிட்டு ‘மங்கையர்கரசி’ என்று எழுதியிருந்தார்கள். பம்பு அறையிலிருந்து வந்த கடிதம் அவளை ஆணாகவே மாற்றி, ‘திரு. மங்கையர்க்கரசு அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது. அப்பா யோசித்து யோசித்து வைத்த பெயர். அதை இப்படிக் கண்டவர்களும் கைமா போட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினாள். ‘என் பெயரைச் சரியாக எழுதாத எந்தக் கடிதத்துக்கும் என்னிடமிருந்து பதில் வராது.’ கீழே கையெழுத்து. அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து தப்பான பெயரில் ஒரு கடிதமும் வரவில்லை. கண்டிப்பாகச் சொன்னால் ஜனங்கள் திருந்தத்தான் செய்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடிதங்களே குறைந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும், வேலை சுத்தமாக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ வரும். ‘மூன்றாம் வரிசை வடிகட்டியில் அழுத்தம் குறைவு’ என்று ஒன்று வரும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். எல்லாவற்றிலும் பெயர் முத்து முத்தாக இருக்கும். அவற்றையெல்லாம் எழுதியவை இயந்திரங்கள். இயந்திரத்துக்கு எழுத்துப்பிழை வராது.

ஆனால் வியாழக்கிழமைகள் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். நெய்யும் பட்டையும் கலந்த மணம் நடைபாதை முழுக்க நிற்கும். மங்கையர்க்கரசி அதைத் தாண்டித் தன் அறைக்குப் போய்த் தயிர்சாதத்தைத் திறப்பாள். ஒரு மரியாதைக்காவது யாராவது கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றும். கூப்பிட்டால் போகப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆறு வருடங்களில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததில்லை, ஒரு பிறந்தநாள் கேக் துண்டு வந்ததில்லை. ஆண்டுவிழா என்று ஒன்று நடப்பதே அவளுக்கு மறுநாள் மற்றவர்கள் நொண்டி நடப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

நாற்பத்தாறு வயதில், இந்த ஊர் தனக்கு ஒட்டாது என்று முடிவு செய்து, சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதினாள். மூன்றே நாளில் கிடைத்தது. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். அதற்கு முன் வாங்க வேண்டியது ‘நிலுவை இல்லை’ சான்றிதழ் ஒன்றுதான். அலுவலகத்தை விட்டுப் போகிறவர்கள் சாவி, தலைக்கவசம், கோப்பு எதையும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளவில்லை என்று எல்லாப் பிரிவும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமீப காலமாக அதில் இன்னொரு வரியும் சேர்ந்திருந்தது: நிறைவேற்றாத வாக்கு எதுவும் இல்லை.

புதன்கிழமை காலை நிர்வாகப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த பெனிட்டா முப்பது வயதுப் பெண். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள், கெட்ட செய்தியையும்.

“மேடம், சாவி, தலைக்கவசம் எல்லாம் சரியா இருக்கு. வாக்குதான் கொஞ்சம் நிலுவையில நிக்குது.”

“நான் யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கலையேம்மா.”

“இருநூத்தித் தொண்ணூத்தி மூணு இருக்கு மேடம்.”

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “வேற யாரோடதையாவது பாக்கியா?”

“இல்ல மேடம், உங்களுதுதான். அதாவது, உங்க பதிலிங்களோடது.”

“எனக்குப் பதிலியே கிடையாதே. வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

அது உண்மை. அந்த நிலையத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு பதிலி உண்டு. அவரவர் எழுதுகிற தோரணையைப் படித்துக்கொண்டு, அவரவர் பெயரில் கடிதங்களுக்குப் பதில் போடும் மென்பொருள். என் கடிதத்துக்கு நான்தான் பதில் எழுதுவேன் என்று சேர்ந்த அன்றைக்கே அதை மறுத்தவள் மங்கையர்க்கரசி.

“சரியான பேருக்கு இல்ல மேடம். தப்பான பேருக்கு இருக்கு,” என்றாள் பெனிட்டா. “சொல்லுதேன் கேளுங்க. நம்ம தபால் அமைப்புல ரெண்டு விதி. ஒன்னு, ஒருத்தர் எழுதினதை இயந்திரம் திருத்தக் கூடாது. திருத்தினா அவமானப்படுத்துன மாதிரி இருக்குன்னு முன்னால ஒரு பெரிய வழக்கே நடந்துச்சு. ரெண்டு, எந்தக் கடிதமும் பதில் இல்லாம திரும்பக் கூடாது. அதுக்கு ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம். இப்ப ஒருத்தர் ‘மங்கையர்கரசி’ன்னு எழுதுதாரு. அந்தப் பேர்ல ஆள் இல்ல. நீங்களும் அந்த மாதிரி கடிதம் வேண்டாம்னு நோட்டீஸ் போட்டுட்டிய. அப்ப இயந்திரம் என்ன செய்யும்? அந்தப் பேருக்குன்னு ஒரு ஆளை உண்டாக்கிருச்சு.”

“உண்டாக்கிருச்சா?”

“ரெண்டு பேரை. மங்கையர்கரசி மேடம் ஆய்வகத்துக்குப் பதில் போடுதாங்க. மங்கையர்க்கரசு சார் பம்பு அறைக்குப் பதில் போடுதாரு. ரெண்டு பேருக்கும் நல்ல பேரு மேடம்.”

அந்தக் கடைசி வாக்கியம் மங்கையர்க்கரசியைச் சுருக்கென்று குத்தியது. “அதுங்க யாரைப் பாத்து எழுதக் கத்துக்கிச்சு? நான்தான் யாருக்கும் எழுதலையே.”

பெனிட்டா முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினாள். “நீங்க கோவிச்சுக்கக் கூடாது. சரியான பேர்ல நீங்க அனுப்புனதெல்லாம் ‘பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது’ அந்த ரகம். அதுல கத்துக்க ஒன்னுமில்ல. முதல் மாசம் நீங்க எழுதி, அனுப்பாம அழிச்ச பதில்கள் நாப்பது இருந்துச்சு. அதைப் பாத்துத்தான்.”

அவளுக்கு நினைவு வந்தது. வந்த புதிதில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆசையாகப் பதில் எழுதுவாள். புது ஊர், புது மனிதர்கள், நாலு பேரோடு பழக வேண்டும் என்று இருந்த நேரம். எழுதி முடித்து, அனுப்பும் முன் அவர்கள் கடிதத்தை மறுபடி ஒருமுறை பார்ப்பாள். மேலே தன் பெயர் கன்னாபின்னாவென்று இருக்கும். உடனே கோபம் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். அழித்தது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். தன் குப்பையைக் கிளறியிருக்கிறார்களே என்று முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

“இப்ப என்ன செய்யணும்?”

“ரெண்டு வழி இருக்கு. ‘ரத்து’ன்னு சொன்னா, இப்படி ரெண்டு பேர் கிடையாது, அவங்க எழுதினது செல்லாதுன்னு எல்லாருக்கும் சாயங்காலமே கடிதம் போயிரும். உங்களுக்குச் சான்றிதழ் உடனே கிடைக்கும். ‘ஏற்பு’ன்னு சொன்னா அவங்க குடுத்த வாக்கெல்லாம் நீங்க குடுத்த வாக்கு. பதிலிங்க ரெண்டும், வாக்கு நிறைவேறும்னு கடைசியா ஒரு கடிதம் போட்டுட்டு நின்னுரும். நீங்க நிறைவேத்தணும், இல்லாட்டி அந்தந்த ஆள் பரவாயில்லன்னு கைநாட்டு வைக்கணும். அதுவரைக்கும் சென்னை போக முடியாது.”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மங்கையர்க்கரசி ‘ரத்து’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள், ஒரே ஒரு கடிதத்தைக் காட்டச் சொன்னாள். எந்த மாதிரி உளறியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போகலாமே.

ஆய்வகத் தலைவர் ஜெய்லானி அன்று காலை அனுப்பியது திரையில் வந்தது. ‘மங்கையர்கரசி மேடம், நாளை எங்கள் வீட்டு நெய்ச்சோறும் களறிக்கறியும். உங்களுக்காகக் கத்தரிக்காய் தனியாக உண்டு. வழக்கம்போல உங்கள் தட்டை எடுத்து வைக்கிறோம். வேலை இருந்து வர முடியாவிட்டாலும் பரவாயில்லை.’ கீழே பதில். ‘வாராவாரம் மணம் என் அறை வரைக்கும் வருகிறது சார். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன்.’

“இப்படி இருநூத்தி எண்பத்தேழு வாரம் மேடம்,” என்றாள் பெனிட்டா. “பதிலிக்குத்தான் கால் கிடையாதே. எப்படிப் போகும்?”

தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று அவள் வருந்திய ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். “யோசிச்சுச் சொல்றேன்,” என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கு ஆய்வகத்தின் கதவைத் தள்ளினாள். உள்ளே எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுக் கையும் அப்படியே நின்றன. மேசையின் கடைசியில், மூடி போட்ட ஒரு தட்டு ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு காகிதம். பழுப்பேறி, ஓரம் கிழிந்து, நாலைந்து முறை புதுப் பசைநாடா போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதில் ‘மங்கையர்கரசி’ என்று எழுதியிருந்தது. அந்தப் பழைய எரிச்சல் பழக்கதோஷத்தில் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடங்கியது.

“வாங்க மேடம்,” என்றார் ஜெய்லானி. ஒடிசலான மனிதர், காயல்பட்டினத்துக்காரர். ஆச்சரியத்தை மறைக்கத் தெரியாதவர். “உக்காருங்க. சூடா இருக்கு.”

உட்கார்ந்தாள். நான்கு வாய் சாப்பிட்டபின்தான் பேச்சு வந்தது. “சார், இத்தனை வருஷமா நடையில தினம் பாக்கிறோம். ஒரு நாள் நேர்ல கேட்டிருக்கலாமே.”

“கேக்கத்தான் மேடம் நெனச்சோம். நீங்கதானே எழுதுனீங்க. நேர்ல கேட்டா எனக்குப் பதில் சொல்ல வராது, முகம் கடுகடுன்னு ஆயிரும், நீங்க தப்பா எடுத்துக்குவீங்க, அதனால எழுதியே கேளுங்கன்னு. நாங்களும் உங்க மனசு தெரிஞ்சு ஒதுங்கிப் போயிட்டோம்.”

தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை அவள். அதைச் சொன்னது அவள் பெயரைக்கூட முழுதாகப் போட்டுக்கொள்ளாத ஒரு மென்பொருள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பலகையில் ஒட்டிய தாள், பதிலிகள், அழித்த கடிதங்கள், எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் சிரிப்பு மெதுவாக வற்றியது. ஆறு வருடம் பழகிய ஒருத்தி இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜெய்லானி விரல்களை உதறிக்கொண்டு கேட்டார். “அப்ப இருநூத்தி எண்பத்தேழு தடவை வராதது யாரு?”

“அவங்க.”

“இன்னிக்கு வந்தது?”

“நான்.”

“அப்ப சரி,” என்றார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு.”

சாப்பாடு முடிந்ததும் நாற்காலியின் முதுகைக் காட்டி அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், நடுவில் ஒரு ‘க்’ வர வேண்டும் என்று. ஜெய்லானி நிஜமாகவே பதறிப்போனார். “ஆறு வருஷமா தப்பாவா எழுதியிருக்கோம்? சொல்லியிருக்கலாமே மேடம்.”

“பலகையில ஒட்டினேனே.”

“தப்பா எழுதாதீங்கன்னு ஒட்டுனீங்க. எது சரின்னு ஒட்டலையே. கீழ கையெழுத்துதான் இருந்துச்சு. அந்தக் கோழிக் கிறுக்கலை யாரு வாசிக்க? நாங்க எட்டுப் பேரும் கூடிப் பேசி, இதுதான் சரியா இருக்கும்னு முடிவு பண்ணி எழுதுனோம்.”

ஜெய்லானி பேனாவை எடுத்து, பழுப்புக் காகிதத்தில் இடுக்கில் ஒரு ‘க்’கைச் செருகினார். பிறகு, அவள் ‘ஏற்பு’ சொல்வதானால் உதவட்டும் என்று பெனிட்டாவிடமிருந்து கைநாட்டுக் கருவியை வரவழைத்து, ஒரு தட்டுச் சோற்றோடு எல்லா வாரமும் நேராகிவிட்டது என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ‘ஏற்பு’ என்று சொன்னாள். மீதி ஆறு வாக்குகள்தான். ஆறும் மங்கையர்க்கரசு சார், பம்பு அறையின் தலைமை இயக்குநர் பலவேசத்துக்குக் கொடுத்தவை. வருடத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே வாக்குத்தான், ஆறாவது மறுநாள் விழாவுக்கு. ஆண்டுவிழாவில் பண்டகசாலை அணிக்கு எதிராகப் பம்பு அறை அணிக்காக வடம் இழுக்க வருகிறேன் என்று அரசு சார் ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய ஐந்து வருடமும் வர முடியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். பம்பு அறை ஐந்து வருடமும் தோற்றிருந்தது.

அவள் உயரம் ஐந்தடி. எடையைச் சொல்ல வேண்டாம். வடம் இழுக்க வேண்டிய ஆள் ஒரு வாட்டசாட்டமான அரசு சார். ஒரு அசட்டுத் துணிச்சலில் கடிதங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தாள். பலவேசம் தன் முட்டிவலியைப் பற்றி எழுதியிருந்தார். அரசு சார் எந்தத் தைலத்தை எந்த நேரத்தில் தேய்க்க வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார். குதிகாலை மணலில் எப்படி ஊன்றினால் வழுக்காது என்பதைப் பற்றி மட்டும் பதினோரு கடிதங்கள். நண்பர்கள் என்றால் அப்படி ஒரு நண்பர்கள். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் உங்கள் அரசு சார் கிடையாது, நான்தான் இருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்காருவது வேறு, இது வேறு.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆண்டுவிழாவுக்காகக் கரையில் மொத்த அலுவலகமும் கூடியிருந்தது. பலவேசத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஆறடி உயரம், நரைத்த மீசை, முட்டியில் துணிக்கட்டு. வடத்தின் பக்கத்தில் நின்று யாரையோ எதிர்பார்த்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கலவரம்தான் தெரிந்தது.

“மேடம், உங்க பிரிவுலதான அரசு சார் இருக்காவ? இன்னிக்கு நிச்சயம் வாராவன்னு நேத்துக் கடுதாசி வந்துச்சு.”

“வந்தாச்சு,” என்றாள் மங்கையர்க்கரசி. “நான்தான் பலவேசம். அப்படி ஒரு சார் இல்ல. நீங்க என் பேரை ஆம்பளைப் பேரா எழுதுனீங்க, தபால் அமைப்பு அப்படியே ஒருத்தரை உண்டாக்கிருச்சு. உங்களுக்கு ஆறு வருஷமா எழுதினது ஒரு பதிலி. தைலம், குதிகால் எல்லாம் அதுதான். என்னை மன்னிச்சிருங்க. ஆனா குடுத்த வாக்கு என் பேர்ல இருக்கு. அதான் வந்திருக்கேன்.”

பலவேசம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது. பிறகு அந்த ஆறடி ஆள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்து அவள் பதறிக் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

“மேடம், நானும் ராத்திரி பூரா உறக்கம் வராமக் கெடந்தேன், அரசு சார் மூஞ்சியில எப்படி முழிக்கன்னு. எழுதினது நானும் இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“எனக்குக் கடுதாசி எழுதுததுன்னா வேப்பங்காய். ஆறு வருஷத்துக்கு முன்னால என் பதிலிட்ட, யாரையாவது வடம் இழுக்கக் கூப்பிட்டு எழுதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதோட சரி. நான் முதல் கடுதாசியில தப்பா எழுதின பேரையே அது புடிச்சுக்கிட்டுது. அரசு சார் வாராவன்னு கடுதாசி வந்த பொறவு, அது எழுதினதை நேத்துச் சாயந்தரந்தான் முதல் தடவையா வாசிச்சேன். என் முட்டிவலியை அது ஒரு ஆள்ட்ட சொல்லி வைத்தியம் கேட்டிருக்கு. நான் வீட்டுல கூடச் சொன்னதில்ல.” அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். “அந்தத் தைலத்தை நேத்துத் தேய்ச்சேன் மேடம். வலி இல்ல.”

மங்கையர்க்கரசியும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமாக இரண்டு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருந்திருக்கின்றன. இவர் முட்டிக்காக ஒன்று கவலைப்பட்டிருக்கிறது. இவள் ஒருமுறையாவது வெளியே வர வேண்டும் என்று இன்னொன்று வருந்தி வருந்தி அழைத்திருக்கிறது. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் ஒரே படகில் வேலைக்குப் போய், ஒரே படகில் திரும்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கூத்து உண்டா? அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

“எந்திரிங்க மேடம்,” என்று கை கொடுத்தார் பலவேசம். “அதுக ரெண்டும் இவ்வளவு தூரம் கொண்டாந்து நிறுத்தியிருக்கு. இழுத்துப் பாத்துருவோம்.”

அவளை வடத்தின் கடைசியில் நிறுத்தினார்கள். எதிரே பண்டகசாலை அணி, எல்லாம் மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள். இந்த அணியைப் பார்த்து வெளிப்படையாகவே இளித்தார்கள். மங்கையர்க்கரசி பதினோரு கடிதங்களில் படித்தபடி குதிகாலை மணலில் ஊன்றி, பக்கத்தில் நின்றவர்களையும் ஊன்றச் சொன்னாள். கூட்டத்தில் ஆய்வகத்து எட்டுப் பேரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பம்பு அறைக்காரர்கள் அரசு சார், அரசு சார் என்று கத்தினார்கள். இரண்டுக்கும் அவள் தலையாட்டினாள்.

அப்போதுதான் பெனிட்டா கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பலவேசம் வடத்தை விடாமலே ஒரு கட்டைவிரலை நீட்டி அழுத்தினார்.

“முடிஞ்சுது மேடம்,” என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். “மங்கையர்க்கரசிக்கு நிலுவை இல்லை. திங்கக்கிழமை தாராளமா சென்னையில சேரலாம்.”

பெயர் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. மங்கையர்க்கரசி அதை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“பெனிட்டா, அதுல ஒன்னு சேர்த்துக்கோ. அடுத்த வருஷமும் வடம் இழுக்க வர்றேன்னு பலவேசத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

பெனிட்டா பலவேசத்தைப் பார்த்தாள். அவரும் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“எப்ப குடுத்தீங்க மேடம்?”

“இப்பதான்.”

“அப்ப சான்றிதழ் செல்லாதே. அடுத்த வருஷம் வரைக்கும் சென்னைக்குப் போக முடியாதே.”

“முடியாதுல்ல?” என்றாள் மங்கையர்க்கரசி. விசில் ஒலித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள்.